வண்டி கட்டி வரும் வாசகர்களுக்கு

கதை படித்துவிட்டு ஊர் பார்க்கக் கிளம்பும் வாசகர் வட்டத்தாருக்கு,



ஆடிப்பெருக்கை ஒட்டி உங்களில் பலர் வீராணம் ஏரிக்கரைக்குப் போகிறீர்கள். வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை எது என்று கேட்டுக்கொண்டே நடக்கிறீர்கள். அங்கிருந்து காட்டுமன்னார்கோயில், மேலக்கடம்பூர், பழையாறை, கோடிக்கரை என்று வண்டி போகிறது. கல்கி ‘பொன்னியின் செல்வ’னைத் தொடராக எழுதியது 1950 முதல் 1954 வரை. எழுபது ஆண்டு கழிந்தும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற கூட்டம் குறையவில்லை. 2022-ல் படம் வந்தபோது அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகமே அதற்கென்று தனிச் சுற்றுலா அறிவித்தது. சு. வெங்கடேசனின் ‘வேள்பாரி’யைப் படித்தவர்கள் சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை ஏறுகிறீர்கள். ‘மோகமுள்’ளில் ஊறியவர்கள் கும்பகோணத்தில் துக்காம்பாளையத் தெரு எங்கே என்று விசாரிக்கிறீர்கள். நல்லது, போய்வாருங்கள்.

ஆனால் இந்தப் பயணங்களிலெல்லாம் எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை டீக்கடையோடு முடிந்துவிடுகிறது. வண்டியை விட்டு இறங்குவீர்கள், டீ குடிப்பீர்கள், தெற்கே போய்விடுவீர்கள். அதைப் பற்றி முறையிடத்தான் இந்த மடல். சுற்றுலா விளம்பரம் என்று நினைத்துவிட வேண்டாம். பின்பாதியில், சில இடத்துக்கு இப்படி வராதீர்கள் என்றும் சொல்லப்போகிறேன்.

முதலில் திருக்கோவிலூர். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரித்து எங்கள் மாவட்டத்தை உண்டாக்கியபோது இந்த ஊர் எங்கள் பங்குக்கு வந்தது. பொன்னியின் செல்வன் வாசகர்களுக்கு இது திருக்கோவலூர் மலையமானின் ஊர். ஆதித்த கரிகாலனுக்கும் குந்தவைக்கும் அருள்மொழிக்கும் தாய்வழிப் பாட்டனின் ஊர். வேள்பாரி வாசகர்களுக்கு இது கபிலர் வந்து சேர்ந்த ஊர். இரண்டு நாவல்களின் வாசகர்களும் வர வேண்டிய இடம் ஒரே கோயில்தான், கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோயில். இரண்டு கூட்டமும் படிக்க வேண்டியது ஒரே கல்வெட்டு. இப்படி ஒரு வசதி வேறெங்கே கிடைக்கும்?

அந்தக் கல்வெட்டு ராஜராஜன் காலத்தது. செய்யுள் நடையில் வெட்டியது. ராஜராஜனைப் புகழ வந்த இடத்தில் அவன் தாயைப் பற்றிச் சொல்கிறது. மலையமான் குலத்தில் பிறந்த அவள், சுந்தர சோழன் இறந்தபோது பால்குடி மறவாத பிள்ளையை விட்டுவிட்டு நெருப்பில் இறங்கினாள் என்கிறது. நாவலில் கணவனின் படுக்கையருகே பணிவிடை செய்யும் வானமாதேவியை மட்டும் அறிந்து வருபவர்கள் இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டியிருக்கும். பால்குடிப் பிள்ளை என்று கல் சொல்வதையும், ஈழத்துக்குப் படை நடத்திப் போன வாலிபனாக நாவல் அருள்மொழியைக் காட்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்கி எங்கே வரலாற்றை வாங்கினார், எங்கே கைச்சரக்கைச் சேர்த்தார் என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும். அவர் குறைந்துபோய்விட மாட்டார். எனக்கு அவர் மேல் மதிப்புக் கூடத்தான் செய்தது.

அதே கல்வெட்டில்தான் கபிலரும் வருகிறார். பாரி இறந்த பிறகு அவன் பெண்ணை மலையனுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றிலுள்ள கல்லில் தீ மூட்டிக் கபிலர் அதில் புகுந்தார் என்று சொல்கிறது. அந்தக் கல்தான் இன்று கபிலர் குன்று என்று நாம் கூப்பிடும் பாறை. ஆற்றுக்குள் நிற்கிறது, உச்சியில் சின்னஞ்சிறு கோயில் ஒன்று இருக்கிறது.

உ.வே. சாமிநாதையர் 1894-ல் அச்சில் கொண்டுவந்த புறநானூற்றைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். அதில் கதை வேறு. கபிலர் பாரி மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடம் போகிறார், அவன் மறுக்கிறான். இருங்கோவேளிடம் போகிறார், அவனும் மறுக்கிறான். கடைசியில் பெண்களைப் பார்ப்பார் வீட்டில் விட்டுவிட்டு வடக்கிருந்தார் என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு. வடக்கிருத்தல் என்றால் உண்ணாமல் உயிர்விடுவது. நெருப்பு அங்கே இல்லை, மலையனும் இல்லை. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: பெண்கள் அங்கவை, சங்கவை, கல்யாணத்தை முன்னின்று நடத்தியவள் ஔவைக் கிழவி, பந்தியும் சீரும் தடபுடல். இது பிற்காலத்துக் கதை. ஆனால் மூன்றிலும் அதிகம் பேருக்குத் தெரிந்தது இதுதான்.

ஆக, ஒரு பாறையில் ஏறி நின்றால் ஒரே சேதியை மூன்று வாய்கள் மூன்று விதமாகச் சொல்லக் கேட்கலாம். நான் பார்த்த வரையில், இங்கே வரும் கூட்டங்கள் படம் எடுத்துக்கொண்டு கால்மணி நேரத்தில் கிளம்பிவிடுகின்றன. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நீங்கள் நாவலை நிரூபிக்க ஊருக்கு வருகிறீர்கள். “இதோ இங்கேதான்” என்று விரலால் காட்டி முடித்ததும் வேலை தீர்ந்துவிடுகிறது. மேலக்கடம்பூரில் சம்புவரையர் மாளிகையைத் தேடி ஏமாந்தவர்கள், எதிரே தேர்போலச் சக்கரம் வைத்துக் கட்டிய கோயில் நிற்பதைச் சரியாகப் பார்க்காமல் வந்ததை நான் அறிவேன். புத்தகத்தோடு ஒத்துப்போகாத இடத்தில்தான் ஊர் பேச ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி. திருக்கோவிலூருக்கு ஒரு பகல் முழுக்க ஒதுக்குங்கள். இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து சண்டை போடுங்கள். கபிலர் மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய பாட்டுகள் புறநானூற்றிலேயே இருக்கின்றன. அப்படி வேண்டிய இடத்தை விட்டுவிட்டு விச்சிக்கோனிடம் ஏன் போனார் என்று யாராவது கேட்க வேண்டாமா?

உலகளந்த பெருமாள் கோயிலையும் பார்த்துவிடுங்கள். ஒரு மழையிரவில் ஓர் இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று பொய்கை, பூதம், பேய் என்னும் ஆழ்வார்கள் மூவரும் நெருங்கி நின்ற கதை இந்த ஊருடையது. அந்த நெருக்கத்தில் மூன்று அந்தாதிகள் பிறந்ததாகச் சொல்வார்கள். வைணவ வாசகர்களுக்கு நான் வழி சொல்லத் தேவையில்லை, அவர்கள் எங்களுக்கே சொல்லித் தருவார்கள்.

கீழையூர்க் கோயிலுக்கு இன்னொரு வாசகரும் வந்திருக்கிறார். வயது பதினாறு. மதுரையில் வீட்டிலிருந்த பெரியபுராணத்தைப் படித்து ஆடிப்போனவர். அதற்கு முன்பு, 1895 நவம்பரில், உறவினர் ஒருவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்க, “அருணாசலத்திலிருந்து” என்று பதில் வந்ததாம். அருணாசலம் என்பது ஆள் போய்வரக்கூடிய ஊர் என்பதே அந்தப் பையனுக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவரை அவர் மனசில் அது மண்ணில் இல்லாத இடம். 1896 ஆகஸ்டு கடைசியில் வீட்டை விட்டுக் கிளம்பி, விழுப்புரம் வரை ரயில், கையிலிருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரை ரயில், பிறகு நடை. ஆற்றின் அக்கரையிலிருக்கும் அறையணிநல்லூர்க் கோயிலில் கொஞ்சம் உட்கார்ந்தார். அங்கிருந்து கீழையூர்க் கோயிலுக்கு வந்தபோது, அங்கே மேளம் வாசித்தவர் தன் பங்குச் சோற்றைக் கொடுத்தார். மறுநாள் கோகுலாஷ்டமி. ஒரு பாகவதர் வீட்டில் சாப்பாடு. காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து, மீட்பதற்கு எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டை வழியிலேயே கிழித்துப் போட்டுவிட்டு, ரயிலேறி செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். ரமணர் அதற்குப் பிறகு அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. பால் பிரண்டன் 1934-ல் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்திறங்கும் வெளிநாட்டார் எத்தனையோ பேர். அவர்களுக்கெல்லாம் முந்திய வாசகர் எங்கள் கீழையூரில் பட்டைச்சோறு வாங்கிச் சாப்பிட்டார் என்பது எங்களுக்குப் பெருமை.

திருக்கோவிலூரை ஒட்டிய ஞானானந்த தபோவனத்துக்கும் இப்படிப் புத்தகம் படித்து வந்தவர்கள் உண்டு. குளித்தலைப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் என்ற ஆசிரமத்தை 1950-ல் இன்னொரு பாதிரியாரோடு சேர்ந்து நிறுவிய பிரெஞ்சுத் துறவி ஆன்ரி லெ சோ, அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டவர், 1955 டிசம்பரில் ஞானானந்தரைச் சந்தித்தார். அதைப் பற்றி அவர் பிரெஞ்சில் எழுதியது பிறகு ஆங்கிலத்திலும் வந்தது. தமிழ் வாசகர்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. திருக்கோவிலூர் என்ற பெயரை ஐரோப்பாவில் சிலர் அந்தப் புத்தகத்தில்தான் முதன்முதலாகப் படித்திருப்பார்கள் என்று நான் ஊகிக்கிறேன்.

இல்லாத ஊருக்கும் வழி கேட்டுப் போகிறவர்கள் உண்டு. அதில் தப்பில்லை. மால்குடி எந்த வரைபடத்திலும் கிடையாது. ஆனாலும் சிவமொக்கா மாவட்டத்து அரசாளு ரயில் நிலையத்தில் சங்கர் நாக் மால்குடித் தொடரைப் படமெடுத்தார் என்பதற்காக, பழைய நிலையக் கட்டடத்தை 2020-ல் மால்குடி அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். இத்தாலியின் வெரோனாவில் ஜூலியட்டின் உப்பரிகை என்று காட்டுவது இருபதாம் நூற்றாண்டில் கொண்டுவந்து பொருத்தியது. இதனால் யாருக்கும் நட்டமில்லை. கற்பனை என்று தெரிந்தே போகிறார்கள், சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கற்பனை என்று தெரியாமல் நம்புகிற ஊர்தான் ஆபத்து. எங்கள் கல்வராயன் மலைக்கு அதுதான் நேர்ந்திருக்கிறது.

மற்ற மலைகளுக்கெல்லாம் புத்தகம் இருக்கிறது. கொல்லிமலைக்குச் சங்கப் பாட்டும் உண்டு, ‘பார்த்திபன் கனவு’ம் உண்டு, மலைமக்களின் போராட்டத்தைச் சொல்லும் கு. சின்னப்பபாரதியின் ‘சங்க’மும் உண்டு. சத்தியமங்கலத்துக்கு ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’. நீலகிரிக்கு ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’. கல்வராயனுக்கு, ஒரு வாசகர் வட்டமே கையில் பிடித்துக்கொண்டு ஏறும்படியாக ஊரறிந்த நாவல் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த இடத்தைச் செய்தித்தாள் நிரப்பிவிட்டது. பத்திரிகையில் கல்வராயன் வந்தால் ஒன்று சாராய ஊறல் அழிப்பு, இல்லையென்றால் செம்மரம் வெட்டப் போய்க் கைது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அன்று நாடு முழுவதும் கேமராக்கள் மலையைப் பார்த்துத் திரும்பின. சாவுக்குக் காரணம் மெத்தனால். மெத்தனால் ஆலையில் தயாராகும் சரக்கு, மலையில் விளைவதில்லை. ஆனாலும் அந்த வாரத்தில் நீங்கள் படித்த கல்வராயன் ஒரு கள்ளச்சாராயக் காடு. மால்குடியைப் போல அதுவும் எழுதி உண்டாக்கிய ஊர்தான். மால்குடியில் குடியிருப்பவர்கள் வேலைக்கு மனுப்போடும்போது ஊர்ப்பெயரை மறைக்க வேண்டியதில்லை.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, மலையில் அடிப்படை வசதிகள் என்ன இருக்கின்றன என்று அரசைக் கேட்டது. கேள்வி வந்த நேரத்தைக் கவனியுங்கள். 1976 வரை இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். நாடு சுதந்திரம் வாங்கி முப்பது வருஷம் ஆகப்போகிற சமயத்தில்தான் ஜாகிர் போய் அரசாங்கம் மலையேறியது. இதை வைத்தே ஒருவர் பெரிய நாவல் எழுதலாம். யாரும் எழுதவில்லையே என்று நான் குறைப்பட்டது உண்டு. இப்போது அவ்வளவு அவசரப்படுவதில்லை. காரணம் சொல்கிறேன்.

மலையில் ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, தமிழ்தான் பேசுகிறார்கள்) தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர், ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து ஏறினார்கள். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனான் என்பது சொல்லும் ஆளைப் பொறுத்து மாறும். கரிராமன் என்ற சாமியும் காஞ்சியிலிருந்தே வந்தது. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி போட்டபோது இந்தக் காஞ்சிக் கதையும் அதில் ஏறியது. அவர் எழுதியது வெளியாளின் குறிப்பு. மலையில் அதைச் சொல்பவர் சொல்ல வேண்டும், ராத்திரியில், அவசரமில்லாமல்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. நீங்கள் சமவெளியிலிருந்து மலையைக் கதைக்குரிய இடமாகப் பார்த்து ஏறி வருகிறீர்கள். அவர்களுக்கோ கதைக்குரிய இடம் கீழே இருக்கிறது. பட்டுப்புடவைக் கடையும் பேருந்து நெரிசலுமாக இருக்கிற காஞ்சிபுரம்தான் அவர்களுடைய பழையாறை. இந்த மலையிலிருந்து ஒரு கூட்டம் வண்டி கட்டிக்கொண்டு காஞ்சிக்குப் போய், எங்கள் மூன்று பேரும் கிளம்பிய தெரு எது என்று விசாரித்தால் அங்கே யார் வழி சொல்வார்கள்?

அதனால், மலைக்கு வருபவர்களிடம் சில வேண்டுகோள். சிலவற்றைக் கறாராகவே சொல்கிறேன்.

வேறொரு மலையின் நாவலைப் படித்துவிட்டு அதை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். சோளகர் வேறு, மலையாளிகள் வேறு. கொல்லிமலையும் கல்வராயனும் சொந்தக்காரர்கள் என்றாலும் ஒரே வீடு இல்லை. வெள்ளிமலையில் பேருந்திலிருந்து இறங்கியதும் “சாராயம் எங்கே காய்ச்சுவார்கள்” என்று கேட்டு வீடியோ எடுத்தவர்களை எங்களுக்குத் தெரியும். உங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் கச்சிராயபாளையத்திலேயே இறக்கிவிட்டுவிடுங்கள். கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் போங்கள். பாட்டுப் பெட்டியும் பாட்டிலும் கீழேயே இருக்கட்டும். சந்தையில் சாமையும் தினையும் தேனும் கிடைக்கும். கடுக்காய்க்கு இந்த மலை பேர்போனது. வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ராஜராஜன் காலத்துக் கல்லுக்காகச் சென்னையிலிருந்து டீசல் போட்டு வருகிற உங்களுக்கு ஒரு படி தினையில் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க மனசு வருவது எப்படி என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

எழுதுபவர்கள் உங்களில் இருப்பீர்கள். இரண்டு நாள் தங்கி, ஒரு கிழவரிடம் பேசி, ஊருக்குப் போய் மலை நாவல் தொடங்கிவிடாதீர்கள். அந்த நாவலை எழுத வேண்டியவர் இப்போது மலையிலேயே ஏதோ ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருக்கலாம். அவர் கைக்கு ‘சங்கம்’ போய்ச் சேரட்டும், புறநானூறு போய்ச் சேரட்டும். பாரி மகளிர் கதையில் தலையை நீட்டும் மலையரசர்கள் எல்லாம் அவர் அறிந்த மாதிரி மலைகளை ஆண்டவர்கள்தாம். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்ற சேதியை ஒரு மலைவாசிப் பிள்ளை எப்படிப் படிப்பார் என்று அறிய எனக்கு ஆசை. மலையைப் பிடுங்கி இன்னொருவனுக்குக் கொடுத்தவனைக் கடையெழு வள்ளல்களில் ஒருவனாக நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். அவர் ஒத்துக்கொள்வாரா?

வரும்போது ஆளுக்கு இரண்டு புத்தகம் கூடுதலாகக் கொண்டுவாருங்கள். மலைப் பள்ளிகளுக்கு நேரே கொடுக்கலாம். கிழிந்தது, அட்டை போனது, போட்டித் தேர்வுப் பழைய வினாத்தாள் இவையெல்லாம் வேண்டாம். உங்கள் வீட்டு அலமாரியைக் காலி செய்ய இந்த மலையைப் பயன்படுத்தாதீர்கள்.

வழி இதுதான். முதல் நாள் விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர். ராத்திரிக்குத் தியாகதுருகம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்துவிடுங்கள். மறுநாள் விடிகாலையில் கச்சிராயபாளையம், கோமுகி அணை, வெள்ளிமலை. ஐப்பசி, கார்த்திகையில் பெண்ணையாற்றில் தண்ணீர் வந்தால் கபிலர் குன்றைக் கரையிலிருந்துதான் பார்க்க முடியும்; மலைச்சாலையும் மழைக்கு நம்பத்தக்கதல்ல. சித்திரையில் அருவியில் தண்ணீர் இருக்காது. தை, மாசி சரியாக இருக்கும். எத்தனை பேர் வருகிறீர்கள், எந்தப் புத்தகத்தோடு வருகிறீர்கள் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிப் போடுங்கள். பொன்னியின் செல்வன் கட்சியும் வேள்பாரி கட்சியும் ஒரே வண்டியில் வந்தால் இன்னும் நல்லது. வாதத்துக்கு நடுவராக நான் வர மாட்டேன். புறநானூற்றின் பக்கம் ஏற்கெனவே சாய்ந்துவிட்டவன்.

இப்படிக்கு,
கள்ளக்குறிச்சி வாசகன் ஒருவன்